ஒன்றுக்கு இரண்டாக எதை எடுப்பது? அலாஸ்கா வேட்டைக்குப் போகும் புதியவர்களுக்கு

அலாஸ்காவில் மூஸ், கரிபூ என்ற பெரிய மான் இன விலங்குகளை வேட்டையாடப் போகிறவர்களில் பலருக்குச் சாலை என்பதே கிடையாது. சிறு விமானம் ஒன்று ஆற்று மணல்திட்டிலோ ஏரியிலோ இறக்கிவிட்டுக் கிளம்பிவிடும். ஏழு நாளோ பத்து நாளோ கழித்துத்தான் திரும்ப வரும். இடையில் கடை இல்லை, செல்போன் சிக்னலும் பெரும்பாலும் இல்லை. அடுப்பு பழுதானாலும், ரைஃபிள்மேல் குறிபார்க்கப் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப் ஆடினாலும் கையில் இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

இதை நினைத்துப் பயந்து சிலர் எல்லாவற்றையும் இரண்டிரண்டாக மூட்டை கட்டுகிறார்கள். விமானத்தடியில் எடை பார்க்கும்போது பாதியை இறக்கச் சொல்கிறார்கள். அந்த அவசரத்தில் இறக்கக் கூடாததை இறக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் எல்லாமே புதுசுதானே என்று ஒற்றையாக எடுத்துப்போய், மூன்றாம் நாளே முகாமில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்கிறார்கள். எதற்கு மாற்று வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை வீட்டில் உட்கார்ந்து நிதானமாக முடிவு செய்துவிட்டால் இரண்டு கஷ்டமும் இல்லை. வழிகாட்டி இல்லாமல் இரண்டு பேர் செப்டம்பரில் பத்து நாள் போகும் பயணத்தை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம்.

முதலில் ஒரு விஷயம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை இருக்கிறது. அலாஸ்காவில் உரிமம் எடுத்து, பருவமும் பகுதியும் பார்த்து வேட்டையாடலாம். ஆனால் அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர், அலாஸ்கா வாசியாகவும் இல்லாதவர் என்றால், எந்தப் பெரிய விலங்கை வேட்டையாடவும் உரிமம் பெற்ற வழிகாட்டி கூடவே இருக்க வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து வரும் அமெரிக்கக் குடிமக்கள் மூஸையும் கரிபூவையும் தனியாகவே வேட்டையாடலாம். பழுப்புக் கரடி, டால் செம்மறி, மலையாடு என்றால் அவர்களுக்கும் துணை வேண்டும். வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர் துப்பாக்கியைத் தொடுவதற்கே கூட்டாட்சிச் சட்டத்தில் தனி விதி உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். வழிகாட்டியோடு போகிறவர்கள் கூடாரம், அடுப்பு போன்ற பொதுப் பொருட்களுக்கு அவர் கொண்டுவரும் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உடம்போடு இருக்கும் பொருட்களுக்கு மட்டும் கீழே சொல்வதைப் பாருங்கள்.

1. முதல் கேள்வி எடை

பயணம் உறுதியானதும் விமான நிறுவனத்திடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எந்த விமானம்? ஒருவருக்கு எத்தனை பவுண்டு? அதில் உடல் எடையும் சேர்த்தியா? பைப்பர் சூப்பர் கப் விமானத்தில் விமானியோடு ஒரே ஒரு ஆள்தான் போக முடியும். மூட்டைக்கு 50, 60 பவுண்டு கிடைத்தாலே பெரிது. செஸ்னா 206, பீவர் போன்றவற்றில் தாராளமாக ஏற்றலாம். அதற்கும் எல்லை உண்டு. எல்லை தாண்டினால் இன்னொரு நடைக்குக் காசு கட்ட வேண்டும்.

ஸ்கோப்போடு ஒரு ரைஃபிள் 8 முதல் 9 பவுண்டு இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு நாள் உலர் உணவு சுமார் 2 பவுண்டு. ஆக, இரண்டாவது ரைஃபிள் என்பது நான்கு நாள் சாப்பாட்டுக்குச் சமம். மாற்றுப் பொருள் ஒவ்வொன்றையும் இப்படிச் சாப்பாட்டுக் கணக்கில் வைத்துப் பார்த்தால் எது வேண்டாம் என்பது தானாகவே தெரியும். பாத்திரக் கடையில் இருப்பது போன்ற ஒரு சிறு தராசு வாங்கி, எல்லாவற்றையும் எடைபோட்டு ஒரு தாளில் எழுதுங்கள். குத்துமதிப்பாகச் சொன்னால் எப்போதுமே குறைவாகத்தான் சொல்வோம்.

பைகள் மெத்தென்று, சிறிதாக, பலவாக இருக்கட்டும். சிறு விமானத்தின் வால்பக்க இண்டு இடுக்கில் செருக வேண்டியிருப்பதால் கெட்டியான பெரிய பெட்டி வேலைக்கு ஆகாது. பெரிய விமானத்துக்குக் கொண்டுவந்த துப்பாக்கிப் பெட்டியை ஊரிலேயே விட்டுவிட்டு, துணி உறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

2. மூன்று குவியல்

எல்லாவற்றையும் தரையில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் அது முதல் குவியல். தீ, வெளிச்சம், செயற்கைக்கோள் தொடர்பு, குடிநீர், உலர்ந்த உள்ளாடையும் சாக்ஸும், தினசரி மருந்து, கண்ணாடி போடுபவருக்கு இன்னொரு கண்ணாடி. இவற்றுக்கு (ஆளுக்கு ஒன்றாக இருக்கும் செயற்கைக்கோள் கருவி தவிர) ஆளுக்கு ஆள் மாற்று வேண்டும். அதுவும் வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும்: ஒன்று உடுப்புப் பையில், இன்னொன்று முதுகுப் பையில். ஆற்றைக் கடக்கும்போது முதுகுப் பை போய்விட்டால், அதற்குள் மூன்று லைட்டர் இருந்தும் பயன் இல்லை.

வேட்டை முடிந்துபோகும், ஆனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது என்றால் இரண்டாவது குவியல். ரைஃபிள், ஸ்கோப், பைனாகுலர், அடுப்பு இதில் வரும். குழுவுக்கு ஒரு மாற்று போதும்.

கையால் ஒட்டி, கட்டி, தைத்துச் சமாளிக்கலாம் என்றால் மூன்றாவது. கூடாரக் கம்பி, மழைக்கோட்டுக் கிழிசல், பையின் வார், பூட்ஸ் அடிப்பாகம் எல்லாம் இங்கே. இவற்றுக்கு மாற்று வேண்டாம், பழுதுபார்க்கும் பொட்டலம் இருந்தால் போதும்.

எதிலும் சேராதது வீட்டில் இருக்கட்டும். இரண்டாவது ஜாக்கெட், மூன்றாவது கத்தி, மடக்கு நாற்காலி எல்லாம் பெரும்பாலும் இங்கேதான் கழன்று விழும்.

3. ரைஃபிள்: துப்பாக்கியை விட ஸ்கோப்தான் முதலில் கெடும்

போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்ஷன் ரைஃபிள் எளிதில் உடைவதில்லை. தொல்லை கொடுப்பது அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்கோப்பும் அதைப் பிடித்திருக்கும் திருகுகளும்தான். விமானத்தில் தூக்கிப் போட்டதில், மணல்திட்டில் கால் தடுக்கி விழுந்ததில் ஜீரோ (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி செய்த சரிப்படுத்தல்) மாறிவிடும். சுட்டுத் தவறிய பிறகுதான் அது தெரியவரும். அல்லது, அதைவிட மோசமாக, விலங்கு காயப்பட்டு ஓடிய பிறகு.

ஆகவே மாற்றாக முதலில் யோசிக்க வேண்டியது இரண்டாவது ஸ்கோப். கழற்றி மாட்டும் நெம்புகோல் வளையங்களில் சிறிய, நிலையான உருப்பெருக்கமுள்ள ஒரு ஸ்கோப்பைப் பொருத்தி, அதே ரைஃபிளில், அதே தோட்டாவில் 100 கஜத்துக்கு ஜீரோ செய்துவையுங்கள். கழற்றித் திரும்ப மாட்டி மூன்று தடவை சுட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தால் அதைச் சாக்ஸில் சுருட்டிப் பையில் வையுங்கள். எடை ஒரு பவுண்டு சொச்சம்தான். ரைஃபிள் ஸ்கோப்பைப் பயணிகள் விமானத்தில் கைப்பையிலேயே கொண்டுபோகலாம். பதிவு செய்த பெட்டி தாமதமானாலும் இது கையில் இருக்கும். ஆனால் போல்ட்டைக் கைப்பையில் வைக்காதீர்கள். போல்ட், ஃபயரிங் பின் இரண்டும் துப்பாக்கிப் பாகங்கள் என்பதால் பாதுகாப்புச் சோதனையில் பிடித்துவிடுவார்கள்.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஸ்கோப்பைக் கழற்றி, அடித்தளத் திருகுகளையும் அவற்றின் துளைகளையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு வைத்து மாட்டுங்கள். வளையத் திருகுகளை முறுக்குமானி வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே முறுக்குங்கள். பல வளையங்களுக்கு அது 15 முதல் 18 இன்ச்-பவுண்டுதான். கை பலத்தில் முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கி உள்ளே பாகம் சிக்கிக்கொள்ளும். முறுக்கி முடித்ததும் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் பக்கத்து உலோகம் வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுங்கள். குழாய் வளையத்துக்குள் நுழையும் இடத்திலும் ஒரு கோடு. காட்டில் சந்தேகம் வந்தால் அந்தக் கோடுகளைப் பார்த்தால் போதும். கோடு உடைந்திருந்தால் திருகு சுழன்றிருக்கிறது, குழாயின் கோடு விலகியிருந்தால் பின்னுதைப்பில் ஸ்கோப் நழுவியிருக்கிறது. கையில் பளபளப்பான சிவப்புப் பூச்சு ஒன்று இருந்தால் நல்லது, மங்கலான வெளிச்சத்திலும் தெரியும்.

முகாமில் குறி தவறினால் உடனே ஸ்கோப்பை மாற்ற வேண்டாம். முதலில் துப்பாக்கியின் மரக்கட்டையையும் ஆக்ஷனையும் (போல்ட் இயங்கும் உலோகப் பகுதி) பிணைக்கும் இரண்டு திருகுகளைப் பாருங்கள். மழையில் மரக்கட்டை ஊறினாலும் இவை தளரும், இவற்றை யாரும் நினைப்பதே இல்லை. அடுத்து அடித்தளம், பிறகு வளையம். எல்லாம் இறுக்கமாக இருந்தும் மூன்று குண்டு மூன்று பக்கம் போனால், அப்போது ஸ்கோப்பை மாற்றுங்கள். கண்ணாடியின் வெளிப்புறம் மூடுபனி படிந்தால் துடைத்துவிடலாம். உள்ளே படிந்தால் ஈரம் புகாத அடைப்பு போய்விட்டது, அந்தப் பயணத்துக்கு அது உதவாது. இந்தச் சோதனைக்கு மடித்த காகித இலக்கு இரண்டு, டி15, டி25 எனும் நட்சத்திர முனைகளோடு ஒரு சிறு திருப்புளி வேண்டும். உங்கள் திருகுக்கு எந்த முனை பொருந்தும் என்பதை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது ரைஃபிள் வேண்டுமா? இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்றாவதாக ஒன்று என்பதைக் கூட எடை தாராளமாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். இருவரிடமும் ஆளுக்கு ஒன்று இருக்கும்போது, ஒன்று கெட்டால் மற்றதை முறைவைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு முன்னேற்பாடு தேவை. நண்பரின் ரைஃபிளில் நீங்களும், உங்களுடையதில் அவரும் கிளம்பும் முன் பத்துப் பத்துக் குண்டாவது சுட்டிருக்க வேண்டும். ஒருவர் இடக்கைக்காரர் என்றால் இன்னும் அதிகம். இருவரும் 30-06, 308, 300 வின் மேக் போல எங்கும் கிடைக்கும் ஒரே தோட்டாவை வைத்துக்கொண்டால், ஒருவரின் பெட்டி தொலைந்தாலும் ஊர்க் கடையில் வாங்கிவிடலாம்.

சிக்கனமான வழி இன்னொன்றும் இருக்கிறது. மாற்று ரைஃபிளைச் சிறு விமான நிறுவனத்தின் அலுவலகத்திலேயே பூட்டி வைத்துவிட்டுப் போவது. பழுதானால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பினால், விமானி அந்தப் பக்கம் வேறு வேலையாக வரும்போது கொண்டுவந்து தர ஒப்புக்கொள்ளலாம். முன்கூட்டியே பேசி, கட்டணத்தையும் பேசிக்கொள்ளுங்கள். கேட்காமல் எதிர்பார்க்க வேண்டாம்.

எடை குறைந்த, ஆனால் மறந்துபோகும் மாற்று: கழற்றக்கூடிய மேகசின். நடக்கும்போது புதரில் தட்டி விழுந்துவிட்டால் உங்கள் ரைஃபிள் ஒற்றைக் குண்டுத் துப்பாக்கியாகிவிடும். ஒன்றைக் கூடுதலாக வையுங்கள். தோட்டா ஆளுக்கு 40 போதும், 20 ஒரு பையிலும் 20 இன்னொரு பையிலுமாக. ஜீரோ செய்த அதே தயாரிப்புத் தொகுதியாக இருக்கட்டும்.

குழலில் சேறோ பனியோ புகுந்தால் சுட்டு வெளியேற்றலாம் என்று நினைக்கவே கூடாது. குழல் வெடிக்கும். முனையில் ஒரு துண்டு மின்சார டேப் ஒட்டிவைத்தால் புகாது, அதன் வழியாகவே சுடலாம். அடைத்துக்கொண்டால் தள்ள, துண்டுகளாகக் கழன்று மாட்டும் துடைப்புக் கோல் ஒன்று வேண்டும். கயிற்றுத் துடைப்பான் மட்டும் எடுத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். கயிறு உள்ளே அறுந்து மாட்டிக்கொண்டால் அதையும் எடுக்கக் கோல்தான் தேவை.

குளிரில் இன்னொன்று நடக்கும். விசையை அழுத்தினால் டிக் என்று மட்டும் கேட்கும், வெடிக்காது. குளிர்ந்த துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்ததால் அதன்மேல் ஈரம் படிந்து, போல்ட்டுக்குள் இறங்கி, மறுநாள் வெளியே எடுத்ததும் உறைந்துவிட்டது. கெட்டியான கிரீஸும் இதே வேலையைச் செய்யும். கிளம்பும் முன் போல்ட்டைப் பிரித்துக் கிரீஸை முழுக்கத் துடைத்து, உலர்வாக வையுங்கள். முகாமில் ரைஃபிள் உறையோடு கூடாரத்தின் முன்மறைப்பில் இருக்கட்டும். அங்கே குளிரும், அதுதான் வேண்டும். கரடி வரும் இடம் என்பதால் கை எட்டும் தூரத்திலும் இருக்கும்.

வில்லோடு போகிறவர்களுக்கு: நாணைப் பிடித்து இழுத்து விடும் விரல் விசைக்கருவி இரண்டு, முன்பே கட்டி ஐம்பது அம்பாவது எய்து பழக்கிய மாற்று நாண் ஒன்று, காட்டிலேயே நாண் மாற்ற உதவும் சிறு அழுத்தக் கருவி ஒன்று. விசைக்கருவி தொலைந்தால் வில்வேட்டையே நின்றுபோகலாம், அதன் எடையோ ஒன்றுமே இல்லை.

4. தீ, அடுப்பு, தண்ணீர்

மரம் வளரும் எல்லையான மரக்கோட்டுக்கு வடக்கே, டண்ட்ரா எனும் மரமற்ற குளிர்நிலத்தில் விறகு கிடையாது. இருப்பது முழங்கால் உயர வில்லோப் புதர்தான், அதுவும் நனைந்திருக்கும். அங்கே அடுப்புதான் எல்லாமே.

கேஸ் குப்பி அடுப்பு எளிது, ஆனால் குளிரக் குளிர அழுத்தம் குறைந்து சுடர் சுருங்கும். இரவில் குப்பியைத் தூக்கப் பையின் கால்பக்கம் போட்டுக்கொண்டு தூங்கினால் காலையில் ஒழுங்காக எரியும். இருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கொதிநீர் என்று வையுங்கள். காற்றிலும் குளிரிலும் 230 கிராம் குப்பி நான்கு நாள் வரும் என்று கணக்குப் போட்டால், பத்து நாளுக்கு மூன்று, தாமத நாட்களுக்கு ஒன்று அல்லது இரண்டு. மாற்று அடுப்பாகக் குப்பிமேல் திருகும் 100 கிராம் எடைகூட இல்லாத சிறு பர்னர் ஒன்று போதும். வெண்பெட்ரோல் (அடுப்புக்கான சுத்திகரித்த பெட்ரோல்) அடுப்பு குளிருக்கு நம்பகமானது, ஆனால் அதன் பம்ப்பில் இருக்கும் தோல் வளையம் காய்ந்தால் அழுத்தம் ஏறாது. மாற்று ஓ-ரிங்குகளும் தோல் வளையமும் ஒரு சின்ன உறையில், கூடவே இரண்டு சொட்டு எண்ணெய். சமையல் எண்ணெயே போதும்.

லைட்டர் ஆளுக்கு மூன்று: சட்டைப் பை, முதுகுப் பை, சமையல் பை. கூடவே பெட்ரோலியம் ஜெல்லி தடவிய பஞ்சு உருண்டை பத்து, சைக்கிள் டியூப் துண்டு ஐந்தாறு. டியூப் ரப்பர் நனைந்தாலும் பற்றும், நின்று எரியும்.

தண்ணீர் வடிகட்டியில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உள்ளீடற்ற இழை வடிகட்டி ஒருமுறை உறைந்தால் இழைகள் வெடித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, தண்ணீரும் முன்பைப் போலவே வரும், ஆனால் கிருமி வடியாது. உறைந்ததோ என்று சந்தேகம் வந்தாலே அதை நம்பாதீர்கள். இரவில் அதுவும் தூக்கப் பைக்குள். மாற்றாகக் குளோரின் டையாக்ஸைடு மாத்திரை 20 வைத்துக்கொள்ளுங்கள். கலங்கிய குளிர்ந்த நீருக்கு நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்தால் போதும்.

5. செய்தி அனுப்பும் கருவி

குழுவில் இரண்டு கருவி இருக்கட்டும், அதுவும் இரண்டு வகையாக. இரிடியம் செயற்கைக்கோள் வழியே இருபக்கமும் செய்தி பேசும் இன்ரீச் போன்ற ஒன்று. வானிலை கேட்கவும், விமானியிடம் நேரம் மாற்றவும், ஆபத்தில் அழைக்கவும் இதுதான் கை. இன்னொன்று 406 மெகாஹெர்ட்ஸ் தனிநபர் அபாயச் சமிக்ஞைக் கருவி. அதில் செய்தி அனுப்ப முடியாது, மாதக் கட்டணமும் இல்லை. ஆன்டெனாவை விரித்துப் பொத்தானை அழுத்தினால் குறைந்தது 24 மணி நேரம் அபாயச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் அதை நோவா என்ற அரசு வானிலை, கடல் ஆய்வு அமைப்பில் பதிவு செய்துவையுங்கள், பேட்டரி காலாவதி தேதியையும் பாருங்கள்.

இரண்டையும் ஒருவரே வைத்திருக்கக் கூடாது. ஆளுக்கு ஒன்று, உடம்பில். முகாமில் கிடக்கும் கருவி, மூன்று மைல் தள்ளிக் கால் முறிந்தவருக்கு உதவாது. கிளம்பும் முன் இன்ரீச்சிலிருந்து விமான அலுவலகத்துக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பாருங்கள். அவர்களிடம் உங்கள் கருவியின் முகவரி பதிவாகவும் அதுவே வழி.

10,000 மில்லி ஆம்பியர்-மணி (எம்ஏஎச்) பவர் பேங்க் ஒன்று போதும். தலைவிளக்கு ஆளுக்கு இரண்டு. மூஸை இரவில் அறுத்துப் பிரிக்க வேண்டி வந்தால் இரண்டும் வேலை செய்யும். ஏஏஏ பேட்டரி லித்தியமாக இருக்கட்டும், சாதாரண அல்கலைன் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். தூரமானிக்கு ஒரு சிஆர்2.

6. பழுதுபார்க்கும் பொட்டலம்

மொத்தம் ஒன்றரைப் பவுண்டைத் தாண்டாது, ஆனால் பத்து மாற்றுப் பொருட்களின் வேலையைச் செய்யும்: தண்ணீர் பாட்டிலில் சுற்றிய டக்ட் டேப் 3 மீட்டர், நைலான் ஒட்டுத் துண்டுகள், தையல் பசை ஒரு சிறு குழாய், தடித்த ஊசி இரண்டு, பல் இடுக்கு நூல் ஒரு டப்பா (தையலுக்கு உறுதியான நூல்), ஜிப் டை 10, மெல்லிய கம்பி 1 மீட்டர், பாராசூட் கயிறு 15 மீட்டர், கூடாரக் கம்பிக்கு உறைக்குழாய் 1, இடுக்கியோடு கூடிய பல்கருவி 1.

கூடாரக் கம்பி முறிந்தால் உறைக்குழாயை முறிவின்மேல் நகர்த்தி, இரு பக்கமும் டேப் சுற்றினால் போதும். முறிந்த முனை துணியைக் கிழிக்காமல் முதலில் டேப்பால் மூடுங்கள்.

பூட்ஸுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பல வருடம் பெட்டியில் கிடந்த பூட்ஸின் பாலியுரித்தேன் நடுப்பகுதி ஈரம் பட்டுப் பட்டு உள்ளுக்குள்ளே நொறுங்கியிருக்கும். வீட்டில் போட்டுப் பார்த்தால் தெரியாது. டண்ட்ராவின் ஈரத்தில் இரண்டாம் நாள் அடிப்பாகம் வாயைப் பிளக்கும். கிளம்பும் முன் 20, 30 மைல் அதே பூட்ஸில், சுமையோடு, ஈரத்தில் நடந்து பாருங்கள். இரண்டாவது ஜோடி பூட்ஸ் தேவையில்லை. முகாமுக்கு எடுக்கும் எளிய ரப்பர் ஷூவே அவசரத்துக்கு மாற்று. பிளந்தால் பசை போட்டு, கயிறு சுற்றி, ஒரு இரவு காயவிட்டால் பயணம் முடியும்வரை ஓடும்.

காற்றடைக்கும் மெத்தை ஓட்டையானால், தரையின் குளிர் தூக்கப் பை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உடம்பை உறிஞ்சிவிடும். ஒட்டுத் துண்டு எடுங்கள், அதோடு மெல்லிய நுரைப் பாய் ஒன்று ஆளுக்கு. பகலில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்க்க அதுவே பலகை. இப்படி அன்றாடம் பயன்படும் மாற்றுப் பொருள் பாரமே இல்லை.

7. இறைச்சியைக் காக்கும் பொருட்களில் கஞ்சத்தனம் வேண்டாம்

அலாஸ்காவில் உண்ணத்தக்க இறைச்சி முழுவதையும் எடுத்து வந்தே ஆக வேண்டும். விட்டுவிட்டு வருவது குற்றம். கொம்பை இறைச்சிக்கு முன்னால் வெளியே கொண்டுபோகவும் கூடாது. பெரிய ஆண் மூஸ் ஒன்று உயிரோடு 1,600 பவுண்டு வரை இருக்கும், அதிலிருந்து 500 பவுண்டு அளவுக்கு இறைச்சி வரும். அதை உலர்வாக, ஈ மொய்க்காமல், காற்றோட்டமாக நாள்கணக்கில் வைக்க வேண்டும். மூஸுக்கு இறைச்சிப் பை 8 முதல் 10, கரிபூவுக்கு 4 முதல் 6. கூடுதலாக இரண்டு எடுங்கள். ஒரு பை இரத்தத்தில் ஊறினால் மாற்றிப் போட அது உதவும். இறைச்சிமேல் கட்ட ஒரு தார்ப்பாய், கயிறு. முகாமிலிருந்து குறைந்தது 100 கஜம் தள்ளி, தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய வெட்டவெளியில் வைத்தால், கரடி வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம்.

அலகு மாற்றும் கத்திகள் கூர்மையானவை, ஆனால் மூட்டில் நெம்பினால் அலகு ஒடிந்து இறைச்சிக்குள் தங்கிவிடும். உங்கள் விரலுக்கும் அது ஆபத்து. அலகு 12, கூடவே நெம்புவதற்கு ஒரு நிலைக்கத்தி, தீட்ட ஒரு சாணை. ஒடிந்த அலகைத் தேடி எடுத்து எண்ணிக்கையைச் சரிபார்க்காமல் மேலே அறுக்காதீர்கள். வெட்டுக்காயத்துக்கு அழுத்தக் கட்டு ஒன்றும் இரத்தம் நிறுத்தும் டூர்னிக்கே ஒன்றும் ஆளுக்கு. அதைக் கட்டத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

8. உணவும் மருந்தும்

மாற்றுகளில் மிக அதிகமாகப் பயன்படுவது இதுதான், துப்பாக்கி அல்ல. மூடுபனியோ காற்றோ இருந்தால் விமானி வரமாட்டார், வரவும் கூடாது. இரண்டு மூன்று நாள் தாமதம் அங்கே சர்வசாதாரணம். ஐந்து நாள் கூடுதல் உணவு எடுங்கள். முழுச் சாப்பாடாக இருக்க வேண்டியதில்லை, ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு கணக்கில் அவல், ரெடிமேட் உப்புமா, கடலை, வெல்லம் என்று கொதிநீரிலோ சும்மாவோ தின்னக்கூடியவை. அவலும் வெல்லமும் அடுப்பு போனாலும் பசியாற்றும், குளிர்ந்த தண்ணீர் போதும். இந்தப் பொட்டலத்தைத் தனியாகக் கட்டி டேப் ஒட்டி வைத்துவிடுங்கள். விமானம் வரவேண்டிய நாள் தாண்டும்வரை பிரிக்க வேண்டாம்.

அலாஸ்கா மாநிலச் சட்டப்படி அங்கே பறக்கும் விமானத்தில் உயிர்காக்கும் அவசரப் பொருட்கள் இருக்க வேண்டும். அதை நம்பி உங்கள் பொட்டலத்தைக் குறைக்காதீர்கள். அது விமானத்தோடு வந்து விமானத்தோடே போய்விடும்.

தினசரி மருந்து பயண நாட்களைப் போல இரண்டு மடங்கு, இரண்டு பையில். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர் அது உறையாமல் உடம்போடு வைக்க வேண்டும். உறைந்த இன்சுலின் பயன்படாது.

9. விமான நிலையத்தில் எதைக் கொண்டுபோக முடியாது

கரடி விரட்டும் மிளகுத் தெளிப்பான், கேஸ் குப்பி, வெண்பெட்ரோல் மூன்றும் பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் கூடாது, பதிவுப் பெட்டியிலும் கூடாது. ஆங்கரேஜிலோ ஃபேர்பேங்க்ஸிலோ வாங்க அரை நாள் ஒதுக்குங்கள். லைட்டர்களையும் அங்கேயே வாங்கிவிடுவது தொல்லையில்லாதது. ஏற்கெனவே பயன்படுத்திய அடுப்பில் எரிபொருள் வாசனைகூட இருக்கக் கூடாது. பவர் பேங்க் கைப்பையில்தான். ரைஃபிள் குண்டில்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுண்டரில் அறிவித்துப் பதிவுசெய்ய வேண்டும். தோட்டாவுக்குப் பல நிறுவனங்களில் ஒருவருக்கு 5 கிலோ வரம்பு, 40 தோட்டாவுக்கு அது தாராளம். மிளகுத் தெளிப்பானைச் சிறு விமானத்திலும் இருக்கைப் பகுதிக்குள் கொண்டுபோகாதீர்கள், விமானியிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் வெளியே வைக்க இடம் காட்டுவார்.

சிறு விமானம் ஏறும் முன் ஊரில் உள்ள சுடுதளத்தில் மூன்று குண்டு சுட்டு ஜீரோவை உறுதிசெய்யுங்கள். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு ஸ்கோப்பைச் சோதிக்காமல் காட்டுக்குள் போவது வீண் ஆபத்து.

10. இறங்கிய அன்று

அலாஸ்காவில் பறந்து வந்த அன்றே பெரிய விலங்கை வேட்டையாடக் கூடாது. மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகுதான் அனுமதி. எனவே அந்த முதல் மாலைப்பொழுது முழுக்கச் சோதனைக்குத்தான்.

விமானி இன்னும் பக்கத்தில் நிற்கும்போதே பைகளை எண்ணுங்கள். அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள், செயற்கைக்கோள் கருவியில் ஒரு செய்தி அனுப்புங்கள், கூடாரக் கம்பிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. பை மாறிப்போயிருந்தாலும் குறைந்திருந்தாலும் அப்போதே சொன்னால் அவர் அடுத்த நடையில் கொண்டுவரலாம். திரும்ப வரும் நாள், இடம், அந்த இடத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் இறங்க வேண்டிய இன்னொரு இடம், மூன்றையும் வரைபடத்தில் குறித்து அவரிடம் ஒரு பிரதி கொடுங்கள்.

அவர் போனதும் கூடாரத்தைக் காற்றுக்கு ஏற்பக் கட்டி, ஸ்கோப்பின் நகப்பூச்சுக் கோடுகளைப் பாருங்கள். பயணத்தில் ரைஃபிள் அடிபட்டிருந்தால் ஒரு குண்டு சுட்டுப் பாருங்கள். பிறகு வடிகட்டி, கேஸ் குப்பி இரண்டையும் தூக்கப் பைக்குள் போட்டுவிட்டுப் படுங்கள்.